கரி பஸ் நிற்கும் மரம்

கூழ் விற்கிற தொழிலில் கையைச் சட்டிக்கும் கண்ணை ரோட்டுக்கும் காதைத் தொட்டிலுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்த பிறகு நமக்கென்று மிஞ்சுவது வாய் ஒன்றுதான். அதையும் குடிக்க வருகிறவர்கள் சும்மா இருக்க விடமாட்டார்கள். பாதையோரம் பானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பெண்கள் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள்.

ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் பந்தல்குடிக்குத் தெற்கே, தூத்துக்குடி ரோட்டில் நான் கம்பங்கூழ் விற்றேன். வேதக்கோயில் பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் கரிசலில் பங்குக்கு உழுகிறவர். மழை ஏமாற்றிவிட்ட வருஷம் அது. கைப்பிள்ளைக்காரி வேறு என்ன செய்ய முடியும்? பானையைத் தூக்கிக்கொண்டேன்.

பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் அப்போது பஸ் கரியில் ஓடியது. பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஓர் இரும்பு அடுப்பு. அதில் கரியைக் கொட்டி, விசிறிச் சக்கரத்தைச் சுற்றி, மூட்டிவிட்டால் அந்தப் புகையிலேயே வண்டி ஓடும். ஓடும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அருப்புக்கோட்டையில் புறப்பட்டு எங்கள் ஊர்ப் பக்கம் வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். எங்காவது நிழலில் நிறுத்திச் சாம்பலைக் கிளறி, கரி போட்டு, தண்ணீர் ஊற்றி, மறுபடியும் மூட்டி எடுக்க முக்கால் மணி நேரமாகும். அந்த முக்கால் மணி நேரத்தை நம்பித்தான் என் பிழைப்பு.

பஸ்ஸுக்கு முன்னால் கானல் வரும். தார் ரோடு தண்ணீராகி அலையடிக்கும். அந்தத் தண்ணீரில் சக்கரமே இல்லாமல் ஒரு பெட்டி மிதந்து வரும். நான் முழித்திருக்கிறேனா, தொட்டிலை ஆட்டிக்கொண்டே தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாத நேரம் அது. கரிப்புகை மூக்கில் ஏறினால்தான் 'ஓ, நிஜம்' என்று அகப்பையைத் தேடுவேன்.

எறும்பு இருந்த மரம்

எங்கள் ஊர் எல்லையில் நிழல் என்று சொல்ல இரண்டே மரம். சின்னப் பாலத்துப் பக்கம் ஒரு வாகை. அங்கிருந்து தெற்கே கூப்பிடு தூரத்தில் ஒரு வேம்பு. பஸ் நின்றது வாகையடியில். அங்கே எனக்கு முன்னாலேயே பேச்சியக்கா கூழ் விற்றுக்கொண்டிருந்தார். அவர் புருஷன் ரங்கூனுக்குப் போனவர். கடுதாசி நின்றுபோய் ஒரு வருஷமாகியிருந்தது. இருந்தது வெள்ளத்தாய் என்று ஒன்பது வயது மகள் ஒருத்திதான்.

முதல் நாள் நானும் வாகையடிக்குத்தான் போனேன். தொட்டில் கட்ட அண்ணாந்து பார்த்தால், கிளை முழுக்கக் கட்டெறும்பு கோடு போட்டு ஓடுகிறது. கீழே குனிந்தால், பேச்சியக்கா தன் பானையை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டார். வேதக்காரத் தெருப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் சிலபேர் செய்வதுதான். எறும்புக்குப் பயந்து வந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். பாதி எறும்பு, பாதி அந்த ஒரு சாண்.

நான் எங்கே போவதென்று முழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, வழி சொன்னவரும் பேச்சியக்காவேதான். "அந்தா வேம்பு சும்மாதான நிக்கிது? அங்கன போயி உக்காரு புள்ள, காத்தாச்சும் வரும்."

கண்ணை மூடிக் குடித்தவர்

வேம்பில் கயிறு போட்டு என் கல்யாணச் சேலையைத் தொட்டிலாகக் கட்டினேன். நடந்து போகிறவர்கள் நாலு பேர் குடித்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் பத்தே நாளில் பஸ் வாகையைத் தாண்டி வந்து வேம்படியில் நின்றது. மறுநாளும் அப்படியே. பேச்சியக்காவின் தண்ணீர் பாலத்துக்குக் கீழே இருந்த உப்புக் கிணற்றுத் தண்ணீர். நான் எடுத்து வருவது ஊருணி நல்ல தண்ணீர். இன்ஜினுக்கு ருசி தெரியும் போலிருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

என் கையால் குடிக்காதவர்களுக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. வாகையடியில் பஸ் நின்ற காலத்தில் அவர்கள் பேச்சியக்காவிடம் குடிப்பார்கள். இப்போது அந்த வெயிலில் அத்தனை தூரம் திரும்பி நடக்க யாருக்குத் தெம்பு? இறங்கி வந்து, "நீ எந்தத் தெரு?" என்பார்கள். "வேதக்கோயில் தெரு" என்பேன். பேசாமல் போய் பஸ் நிழலில் உட்கார்ந்துகொள்வார்கள்.

ஒருநாள் சரிகை அங்கவஸ்திரம் போட்ட ஒருவர் அப்படித்தான் போய் உட்கார்ந்தார். அன்று கரி ஈரக் கரி. புகை வந்ததே தவிர அடுப்புப் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. அவர் உதடு வெடித்துவிட்டது. கடைசியில் எழுந்து வந்து, என்னைப் பார்க்காமல் வேம்பைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினார். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார். இரண்டாவது பட்டையும் கேட்டார். அதையும் மூடிய கண்ணோடுதான். போகும்போது என்னிடமா மரத்திடமா என்று தெரியாதபடி சொன்னார்: "கண்ணை மூடிக்கிட்டா எல்லா ஊர்க் கூழும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

வெள்ளத்தாய் பஸ் ஏறினாள்

ஆவணி மாதம் என்று நினைக்கிறேன். வெள்ளத்தாய் தலையில் எண்ணெய் வைத்து, ஒரு துணி மூட்டையோடு தெற்கே நடந்து என் மரத்தடிக்கு வந்தாள். பஸ் வேறெங்கும் நிற்காதே! பேச்சியக்கா வரவில்லை, பாலத்துப் பக்கமே நின்றுகொண்டு, அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி பயணம்?" என்றேன். "தூத்துக்குடிக்கு. மாமா வீட்டுக்கு" என்றாள். எனக்குச் சந்தோஷம். எனக்கு மாமா வீடு என்றால் பலகாரமும் ஊஞ்சலும்தான். ஒரு பட்டைக் கூழ் குடிக்கக் கொடுத்தேன். மூட்டையை நானே தூக்கி உள்ளே வைத்தேன். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். பஸ் புகை கக்கிக்கொண்டு நகர்ந்ததும், நானும் கையை ஆட்டி, இடுப்பில் இருந்த என் பாப்பாவின் கையையும் பிடித்து ஆட்ட வைத்தேன். பஸ் கானலுக்குள் இறங்கிக் கரைந்துபோகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே நின்றேன்.

ஏறுவதற்கு முன்னால் வெள்ளத்தாய் என் காதில் ரகசியமாகச் சொன்னாள்: "அங்க கடலு இருக்காம்க்கா. ஆடிக்கும் வத்தாதாம், கோடைக்கும் வத்தாதாம்."

கூழில் மருந்து

ஒரு மாதம் கழிந்திருக்கும். பஸ் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி பேச்சியக்கா என் மரத்தடிக்கு வந்தார். அத்தனை நாளில் அவர் அங்கே வந்ததே இல்லை. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

"ஏ புள்ள, உண்மையைச் சொல்லு. கூழ்ல என்னத்தக் கலக்குற? எந்த மலையாளத்தான்கிட்ட வசிய மருந்து வாங்குன?"

"என்னக்கா பேசுறீக? நாங்க வேதக்காரங்க. மருந்தெல்லாம் வைக்க மாட்டோம்."

"பெறகு என்னத்துக்கு பஸ்ஸு எம் மரத்தைத் தாண்டி ஓடியாருது? அதுக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? எம் பானை பொழுது சாயக் கொட்டிப் போகுது. எம் மகள உப்பு யாவாரி வீட்டுல பிள்ள தூக்க விட்டுட்டு வந்து உக்காந்துருக்கேன்!"

"மாமா வீட்டுக்குன்னுல்ல சொன்னா?"

"மாமனாவது மச்சானாவது! அழுவாம ஏறணுமேன்னு நாந்தான் அப்படிச் சொல்லி அனுப்புனேன். ஒரு வருசம் இருக்கணும்னு பேச்சு. வயித்துக்குச் சோறு, தீவாளிக்குத் துணி."

எனக்குக் கை அகப்பையிலேயே நின்றுவிட்டது. மூட்டையைத் தூக்கி வைத்தவள் நான். ஜன்னலோரம் பிடித்துக் கொடுத்தவள் நான். தலையைக் குனிந்து பானைக்குள் பார்த்தேன். அதைப் பார்த்து, இவள் மாட்டிக்கொண்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். விறுவிறுவென்று வந்து, என் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்காதவர், என் பானைக்குள் விரலைவிட்டு எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடி, மருந்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று நாக்கால் தேடினார். மறுபடி ஒரு விரல்.

கடைசியில் விரலைச் சேலையில் துடைத்தார். சண்டையெல்லாம் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது. "உப்புத்தாண்டி கூட" என்றார்.

சேலையில் கரி

அன்று பஸ் வந்ததும் டிரைவர் சுப்பையா அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டேன். பெரிய மீசைக்காரர். கரியில் முக்கியெடுத்த மாதிரி இருப்பார். இறங்கியதும் நேரே தொட்டிலுக்குப் போய், கை அழுக்கு என்று ஒரே விரலால் அதை ஆட்டிவிட்டுக்கொண்டிருப்பார். தினமும் தொட்டில் சேலை ஓரத்தில் ஒரு கரி விரல் பதிந்திருக்கும். கூழ் ஊற்றுகிற அவசரத்தில் அன்றுவரை அவரைக் கவனிக்காமல், கறையைத் துவைத்துத் துவைத்து, கரி போடுகிற கிளீனரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, வாகையடியில நின்னுக்கிட்டிருந்த வண்டி ஏன் இங்க வருது? எந் தண்ணி நல்ல தண்ணிங்கிறதுனாலயா?"

"கரி வண்டிக்கு நல்ல தண்ணி என்ன, கெட்ட தண்ணி என்ன? எதை ஊத்துனாலும் குடிக்கும்."

"பெறகு?"

அவர் விரல் ஆட்டத்தை நிறுத்தவில்லை. வீட்டுக்காரி பிரசவத்துக்குக் காரியாபட்டிக்குப் போனவள், இன்னும் தாய் வீட்டில்தான் இருக்கிறாள் என்றார். மாதம் ஒரு தரம் போவாராம். மீசையும் கரியுமாகப் போய் நின்றால், யாரோ பூச்சாண்டி என்று பிள்ளை வீறிடுமாம். என் பாப்பா உள்ளேயிருந்து அந்தக் கரி விரலைப் பிடித்து இழுத்தாள்.

பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ நேரமாச்சு என்று சத்தம் போட்டார்கள். அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவே இல்லை. "எம் பிள்ள என்னையக் கண்டா அழுவுது, இது சிரிக்குதும்மா. இந்தத் தொட்டிலக் கண்டதும் கால் தன்னால பிரேக்குக்குப் போயிருது."

இடம் மாறியது

அன்று சாயங்காலம் சேலையை அவிழ்த்தேன். மறுநாள் கயிற்றை வேப்பெண்ணெயில் முக்கித் தேய்த்து, அதையும் சேலையையும் பானையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாகையடிக்குப் போனேன். வேப்பெண்ணெய் தேய்த்த கயிற்றில் எறும்பு ஏறாது என்பது எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். முதல் நாள் அது ஏன் ஞாபகம் வரவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்; அதற்குத்தான் ஒரு சாண் கதை சொன்னேனே.

"இங்க என்னத்துக்கு வார?" என்றார் பேச்சியக்கா.

"தொட்டிலு இருக்கிற எடத்துலதான் வண்டி நிக்கும்க்கா. நீங்க கூழு வில்லுங்க. நான் வெங்காயமும் மோர் மிளகாயும் பாத்துக்கிடுறேன். எங்கிட்டக் குடிக்கிறவுகளுக்கு மட்டும் எம் பானை."

அவர் நம்பவில்லை. இரண்டு பேரும் வடக்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கானலில் பெட்டி மிதந்து வந்தது. ஆடி அசைந்து, பெரிதாகி, எங்களைத் தாண்டிப் போயே போய்விட்டது. பழக்க தோஷம். நேரே வேம்படியில் போய் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு முடிவை எடுக்க ஒரு நிமிஷம் போதும். அதைத் திரும்ப எடுக்கப் போனால் அது உடும்பு மாதிரிப் பிடித்துக்கொள்கிறது.

யாரும் இறங்கவில்லை. டிரைவர் மட்டும் இறங்கி வேம்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கொம்பை அண்ணாந்து பார்த்தார். பிறகு நெற்றியில் கை வைத்து எங்கள் பக்கம் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். வண்டி, மூச்சில்லாத அந்த வண்டி, பின்பக்கமாகவே உருண்டு வந்தது. ஜன்னலில் தொங்கிய தலைகள் எல்லாம் திட்டிக்கொண்டே வந்தன. பேச்சியக்கா எழுந்து நின்றுவிட்டார். என்னைப் பார்க்காமல் தன் பானையை ஒரு சாண் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டுத்தானா புள்ள? நான் மந்திரம்னுல்ல நெனச்சேன்."

யார் பானை, யார் கை

பேச்சியக்காவின் பானை காலியாக ஆரம்பித்தது. ஆனால் வெள்ளத்தாய் வரவில்லையே! டிரைவர் அண்ணாச்சி தூத்துக்குடியில் அந்த உப்பு வியாபாரி வீட்டுக்கு இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டு வந்தார். தாய் நேரில் வந்து கேட்டால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். பேச்சியக்காவுக்குப் பயம். ஒருநாள் போய், மறுநாள்தான் திரும்ப முடியும். இரண்டு நாள் பானை வைக்காவிட்டால், என் கையால் குடிக்காதவர்கள் பந்தல்குடியிலேயே பசியாறிப் பழகிவிடுவார்கள். மறுபடியும் பழைய கதை ஆகிவிட்டால், கூட்டி வந்த பிள்ளைக்கு எதைப் போடுவது?

"உங்க பானையையும் நானே பாத்துக்கிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதில் என்ன சிக்கல் என்று இரண்டு பேருக்கும் உறைத்தது. பானை அவருடையது. ஊற்றப் போகிற கை என்னுடையது. கேட்கிறவர்களுக்கு என்ன சொல்ல?

பேச்சியக்கா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்தார். தன் அகப்பையை எடுத்தார். அதை அவர் வேறு யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. என் கையில் அதைத் திணித்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "கேக்குறவனுக்குப் பானையக் காட்டு. அதுக்கு மேலயும் கேட்டான்னா கண்ண மூடிக்கிடச் சொல்லு!"

அவள் கேட்டது

மறுநாள் மத்தியானம் தெற்கேயிருந்து வந்த பஸ்ஸில் இரண்டு பேரும் இறங்கினார்கள். வெள்ளத்தாய் கொஞ்சம் உயர்ந்திருந்தாள். கையெல்லாம் சோப்புக் காரத்தில் வெடித்துக் கிடந்தது. பேச்சியக்கா என்னிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வீட்டு அம்மா முதலில் முடியாது என்றது, இவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது, கடைசியில் அவர்கள் சலித்துப்போய் அனுப்பியது. பிள்ளை மூட்டையைக் கீழே வைக்கவில்லை. அம்மாவைப் பார்க்கவும் இல்லை. கூழ் கொடுத்தேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாகைக் காய் காற்றில் கலகலத்துக்கொண்டிருந்தது. பாப்பா அவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள்; பாப்பாவுக்கு யாரைக் கண்டாலும் அந்த வேலைதான்.

பஸ் போய்விட்டது. புகையும் கலைந்தது. பேச்சியக்கா தண்ணீர் எடுக்கப் பாலத்துக்குக் கீழே இறங்கினார். அவர் தலை மறைந்த பிறகு வெள்ளத்தாய் தொட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்தவளாகத் தெரியவில்லை. ரொம்ப நாளாகத் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்ததை ஒருவழியாக ஆள் பார்த்துக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க ஏன்க்கா சிரிச்சுக்கிட்டே கையாட்டுனீக?"

அன்றிலிருந்து யார் பஸ் ஏறினாலும் எங்கே போறீக, யார் வீட்டுக்கு, எப்போ திரும்பி வாரீக என்று மூன்றையும் கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் கையைத் தூக்குகிறேன்; பெட்ரோல் பஸ் வந்து ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்காத இந்தக் காலத்தில் மூன்றாவது கேள்விக்கு எனக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் பஸ் கிளப்பிவிட்டுப் போகிற புழுதிதான்.